பதினேழாவது இருக்கை

நாங்கள் பதினேழு பேர். மூன்று கார்களிலும் சேர்த்து இருக்கைகள் பதினேழு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இறங்கி, பார்த்து, மறுபடியும் ஏறும்போது ஒருவருக்கு இடம் இல்லாமல் போனது. எவ்வளவு யோசித்தும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குணாளன் அண்ணனின் காரில் ஐந்து இருக்கைகள். அண்ணன், பத்மினி அண்ணி, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர். தங்கை மலரின் காரிலும் ஐந்துதான். ஆனால் அவள், கணவர் தாஸ், நான்கு பிள்ளைகள் என்று ஆறு பேர், ஆக ஒரு பிள்ளை மிச்சம். என்னுடையது ஏழு பேர் உட்காரும் வண்டி. நான், மனைவி கஸ்தூரி, எங்கள் மூன்று பிள்ளைகள், மலரின் மிச்சப் பிள்ளை, எங்கள் எல்லாருக்கும் மூத்த தவமணி அக்கா. ஏழு. கிள்ளானிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் இதை ஒரு தாளில் எழுதி, இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன்.

சிகிஞ்சானில்தான் முதலில் கவனித்தேன். நெல்வயலுக்கு நடுவே நின்று படம் எடுத்து முடித்து, நான் வண்டியைக் கிளப்பி சாலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அக்கா இன்னும் வரப்பு ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார். ஒரு கையில் யாரோ ஒரு பிள்ளையின் செருப்பு. இன்னொரு கையில் மலர் மறந்துவிட்டு வந்த தண்ணீர்ப் புட்டி.

"அக்கா ஏன் நிக்கிது?" என்றேன்.

"எடமில்லையாம்," என்றாள் கஸ்தூரி.

"எப்படி இல்லாம போவும்? பதினேழு சீட்டு இருக்குலா."

"அதை எங்கிட்ட சொல்லி என்ன செய்ய. சீட்டுகிட்ட சொல்லுங்க."

அதற்குள் மலரின் காரில் பின்கதவைத் திறந்து, பிள்ளைகளை நெருக்கி உட்காரச் சொல்லி, அக்கா ஒருக்களித்து ஏறிக்கொண்டார். ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஆறாவது ஆளாக.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். இருபத்து நான்கு வருடமாக அந்த வேலைதான். லிஃப்டுக்கு ஆட்களை எண்ணத் தெரியாது, எடை மட்டும்தான் தெரியும். தரைக்கு அடியில் ஒரு கருவி இருக்கிறது. அளவுக்கு மேல் பாரம் ஏறினால் அது அழுந்தும், மணி அடிக்கும், கதவு மூடாது. உள்ளே பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பேரின் எடையும் சேர்ந்துதான் அந்த மணியை அடிக்கிறது. ஆனால் எல்லாரும் கடைசியாக ஏறியவரைத்தான் பார்ப்பார்கள். அவரும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கிவிடுவார். நான் பார்த்தவரை, முதலில் ஏறியவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

எங்கள் வீட்டில் கடைசியாக ஏறுவது எப்போதும் அக்காதான். வீட்டைப் பூட்டி, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்த்து, சாமி விளக்கைப் பார்த்து வருவார். சாப்பாட்டுக் கடைகளில் எல்லாரும் எழுந்த பிறகு மேசைக்கு அடியில் குனிந்து யாராவது கைப்பேசியை விட்டுவிட்டார்களா என்று தேடுவார். இது அவருடைய வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஐம்பத்தாறு வயது வரைக்கும் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார், நாங்கள் முன்னால் ஏறிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பயணமே அக்காவுக்காகத்தான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன் அம்மா போய்விட்டார். வீடு அம்மா பேரில் இருந்தது. விற்றாகிவிட்டது, மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அக்கா எங்கே இருப்பார் என்பதை யாரும் இன்னும் பேசவில்லை. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பேராக் மாநிலப் பக்கம் சுற்றினால் அந்தப் பேச்சு தானாக வரும் என்று அண்ணன் நினைத்தார். எந்த ஊர் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசி நாள் தைப்பிங் வழியா வரலாமா?"

கிளம்பும்போது அக்காவின் பையைத் தூக்கி என் வண்டியில் வைத்தது நான்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது.

"என்னாக்கா இது, மூணு நாளைக்கு அம்மியத் தூக்கிட்டு வர்றியா?"

"ஆமா தம்பி," என்றார்.

முதல் நாள் தெலுக் இந்தானிலிருந்து அக்கா அண்ணனின் காரில் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சித்தியவானில் இரவு தங்கிவிட்டு, இரண்டாம் நாள் காலை மறுபடியும் மலரின் கார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணினேன். ஆட்கள் பதினேழு. ஐந்தும் ஐந்தும் ஏழும் பதினேழு. பிள்ளைகள் மாறி மாறி உட்காருவதால்தான் குழப்பம் என்று முடிவுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் தஞ்சோங் துவாலாங்கில் பழைய ஈயக் கப்பலைப் பார்த்தோம். அது கடலில் போகிற கப்பல் இல்லை. ஆளுயர இரும்பு வாளிகள் நூற்றுக்கும் மேல் சங்கிலியில் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் குளத்தின் அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வரும். மேலே சலித்து ஈயத்தை வைத்துக்கொண்டு, மண்ணைப் பின்னால் துப்பிவிடும். முன்னால் தோண்டிக்கொண்டு, பின்னால் மூடிக்கொண்டு, தான் வெட்டிய குளத்தில் தானே மிதந்து நகரும். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"ஒன் வீட்ல மூணாவது ரூம்பு ஒண்ணு இருக்குல்ல?"

"அது ஸ்டோரூம்புணே. சாமான் இருக்கு."

"என்ன சாமான்?"

"லிஃப்டு கதவு மோட்டார், பழைய போர்டு, அதான். கழட்டி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமையில பாப்பேன்."

"அப்ப எடமில்ல."

"எங்கணே இருக்கு."

அண்ணன் தலையை ஆட்டினார். நான் வாளிச் சங்கிலியைக் காட்டி, பல்சக்கரத்தின் கணக்கு எப்படி என்று அவருக்கும் சொன்னேன்.

அன்றிரவு கோலகங்சாரில் தங்கினோம். மூன்றாம் நாள் காலை நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்று முதல் பதினேழு வரை சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகளில் எழுதி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். முதல் ஐந்து அண்ணனின் கார், அடுத்த ஐந்து மலரின் கார், பதினொன்று முதல் என் வண்டி; எண்ணைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும்.

"லிஃப்ட்ல கூட இப்படி யாரும் நம்பர் ஒட்ட மாட்டாங்க," என்றாள் கஸ்தூரி.

"மச்சான், டிக்கட் பரிசோதகர் யாரு? நீங்களேவா?" என்றார் தாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் ஏறினார்கள். என் வண்டியில் முன்வரிசையில் இரண்டு, நடுவரிசையில் மூன்று, பின்வரிசையில் இரண்டு. என் நடுப்பையன் கபிலனுக்குப் பத்து வயது. அவனுக்குப் பதினாறு வந்திருந்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தவன் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா, பதினேழு இல்லப்பா."

"இருக்கும்லா, நல்லா பாரு."

"இல்லப்பா. ஒங்க பெட்டிதான் இருக்கு."

"பெட்டிக்கிட்ட தள்ளி உக்காரு. ரொம்பப் பேசாத."

பதினேழாம் எண் யாரிடம் என்று பார்த்தேன். கடைசியாக வந்தவரிடம்தான் இருந்தது. அக்கா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவரிசைக் கதவைத் திறந்து, என் கடைசி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எடம் சரியா இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. எடு."

கண்ணாடியில் பார்த்தேன். என்னையும் சேர்த்து ஏழு தலைகள். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த நிம்மதியில் தைப்பிங் போகும் பழைய சாலையில் பாட்டுக்கூடப் பாடினேன்.

எங்கள் மூன்று கார்களிலும் காருக்கொரு வாக்கி டாக்கி இருந்தது. மலைச்சாலையில் கைப்பேசிக்கு அலைவரிசை சரியாகக் கிடைக்காது என்று அண்ணன் வாங்கியது. என்னுடையது காலையில் சார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது. அதை அண்ணனிடம் சொல்லியும் இருந்தேன். பாதி வழியில் கஸ்தூரி அதை வண்டியின் சார்ஜரில் பொருத்தினாள். சிறிது நேரத்தில் அது உயிர் பெற்றுக் கரகரத்தது. அதற்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"... தம்பி சொல்லிட்டான்லா. அவன் வீட்ல எடமில்லையாம். ரூம்புல லிஃப்டு சாமான் வெச்சிருக்கானாம். சாமானுக்கு எடம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?"

தாஸின் குரல். "எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். மலரு வேலைக்குப் போறா, பிள்ளைங்க நாலு. அக்கா வந்தா ஒதவிதான். ஆனா எப்பவுமேன்னு சொன்னா..."

நான் வாக்கி டாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். "அண்ணே, செட்டு வேலை செய்யிது" என்றேன். போகவில்லை. இந்தக் கருவி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரே அலைவரிசையில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் பேச்சு உள்ளே நுழையாது. கேட்கலாம், அவ்வளவுதான். அவர் விரலை எடுத்தால்தான் நம் முறை. அண்ணன் விரலை எடுத்ததும் தாஸ் அழுத்தினார், தாஸ் எடுத்ததும் அண்ணன்; நடுவில் என் முறை வரவேயில்லை.

"ஒதவின்னா சாதாரண ஒதவியா? சமைக்கும், தொவைக்கும், ஒரு நிமிசம் சும்மா உக்காராது. எங்க வீட்ல வெச்சிக்கலாம், பத்மினிக்கும் அதுக்கும் ஒத்து வராது. அதான் நான் ஒண்ணு யோசிச்சேன். மூணு மூணு மாசம். ஒரு வீட்ல மூணு மாசம், அப்புறம் அடுத்த வீடு. யாருக்கும் பாரமில்ல."

கஸ்தூரி அணைக்கும் திருகுக்குக் கையை நீட்டினாள். பின்னாலிருந்து அக்கா சொன்னார்.

"இருக்கட்டும் கஸ்தூரி. பேசட்டும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நானும் அணைக்கவில்லை. பொத்தானை மட்டும் விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கணக்கு ஒதைக்கிதே," என்றார் தாஸ். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "மூணு வீட்டுக்கு மூணு மூணு மாசம்னா ஒம்போது. வருசத்துக்குப் பன்னெண்டு. மீதி மூணு மாசம் அக்கா எங்க இருப்பாங்க?"

"அப்ப காடியிலயே இருக்கட்டும்லா, மூணு கார்லயும் மாறி மாறி," என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்மினி அண்ணியின் சிரிப்பும் பின்னால் கேட்டது. அந்தச் சிரிப்பில்தான் அண்ணனின் விரல் விலகியது. கரகரப்பு நின்றது.

"அண்ணே," என்றேன்.

 வளைவு ஒன்று வந்து போனது.

"தம்பியா? ஒன் செட்டு செத்துப்போச்சுன்ன?"

"சார்ஜு போட்டோம்."

 பிறகு அண்ணன், "சரி, முன்னால சமிக்ஞை வெளக்குல லெப்ட்டு எடு" என்றார்.

கண்ணாடியில் அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. மடியில் இருந்த என் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "நெளியாத பாப்பா. பாதிப் பின்னல்ல விட்டா அவுந்துரும்." பிறகு என்னிடம், "முன்னால லோரி போவுது தம்பி. பாத்து."

தைப்பிங்கைக் கடந்து கோல செப்பேத்தாங்கில் கரிச்சூளை பார்க்கப் போனோம். வண்டியிலிருந்து இறங்கியதும் அண்ணன் ஓடிப் போய் அக்காவுக்கு ஓர் இளநீர் வாங்கி வந்தார். மலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்கா இளநீரைக் குடித்தார், கையையும் விடுவிக்கவில்லை.

சூளை பெரிய செங்கல் குடில் மாதிரி இருந்தது. உள்ளே சதுப்பு நில மரத்தின் கட்டைகளை நெட்டாக நிறுத்தி அடுக்குகிறார்கள். வாசலில் மட்டும் தீ மூட்டுவார்கள். தீ கட்டைகளைத் தொடாது. சூடு மட்டும் உள்ளே போகும். கட்டையில் இருக்கிற ஈரம் புகையாக மேலே வரும். பத்து நாள் பெரிய தீ, அப்புறம் சின்னத் தீ, அப்புறம் வாசலை மண்பூசி அடைத்துக் காற்றில்லாமல் ஆறவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. புகையின் வாசத்தை முகர்ந்துதான் ஈரம் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வேலை செய்த சீனர் ஒருவர் இதை மலாயில் சொன்னார். நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெருப்பு படவே படாதா தம்பி?"

"படாதுக்கா. பட்டா சாம்பலாயிரும். படாம இருந்தாத்தான் கரி."

"எரியாமலே கரியாயிரும்."

"ஆமாக்கா."

"எத்தன நாளு?"

"ஒரு மாசம்."

அக்கா தலையாட்டிவிட்டு, கீழே விழுந்து கிடந்த ஒரு பிள்ளையின் தொப்பியை எடுத்துக் கரித்தூளைத் தட்டினார்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், தைப்பிங்கில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஒருத்தரப் பாக்கணும் தம்பி. அஞ்சு நிமிசம்." கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய பலகை வீடு. வாசலில் பெண் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகள் வரிசையாகக் காய்ந்தன. ஆதரவில்லாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இல்லம் என்று பலகையில் எழுதியிருந்தது. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் வெளியே வந்தார்.

"வாங்க தவமணி. ஞாயித்துக்கெழம சொல்றேன்னீங்க, நேர்லயே வந்துட்டீங்க. என்ன முடிவு?"

"இங்கயே இருக்கேங்கம்மா," என்றார் அக்கா.

மற்ற இரண்டு கார்களும் பின்னால் வந்து நின்றிருந்தன. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மாதான் எங்களுக்கு விளக்கினார். போன மாதமே அக்காவை இங்கே சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் கேட்டிருக்கிறார்கள். தங்குவதற்கு அறை உண்டு. அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி தங்கைகளோடு ஒரு பயணம் போகிறேன், அதில் வேறு ஏதாவது முடிவானாலும் ஆகும், மூன்றாம் நாள் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

"என்னாக்கா இது," என்றார் அண்ணன். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நீங்க கேக்கலையேப்பா."

"அக்கா, ஊரு என்னா பேசும்," என்று மலர் அழ ஆரம்பித்தாள். "மூணு பேரு இருந்தும் அக்காவ இல்லத்துல விட்டுட்டாங்கன்னு..."

"அக்காவுக்கு வேல கெடைச்சிருக்குன்னு சொல்லு. ஊருக்குப் புரியும்." பிறகு அக்கா தாஸைப் பார்த்தார். "மாப்ள போட்ட கணக்கு சரிதான். மூணு மாசம் ஒதைக்கத்தான் செஞ்சிது."

தாஸ் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அக்காவின் பையை இறக்கி உள்ளே கொண்டுபோனேன். அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு சன்னல், சுவரில் ஆணி ஒன்று. அக்கா பையைத் திறந்து முதலில் எடுத்தது அம்மாவின் சின்னக் கல்லுரல். மிளகாய்ச் சம்பல் இடிப்பது. அதைத் தரையில், சன்னலுக்குக் கீழே வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த ஸ்டோரூம்ப காலி பண்ணிர்றேன்."

"எப்ப தம்பி?"

"இந்த... அடுத்த லீவுல."

"சரி. காலி பண்ணிட்டு சொல்லு."

அதில் கோபமே இல்லை. என்னிடம் இத்தனை வருடமாக எப்படிப் பேசினாரோ அப்படியேதான் பேசினார். வாசல் வரை வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவரின் செருப்பையும் பார்த்தார். இடுப்பிலிருந்து அந்தச் சின்னச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத வெச்சிக்க. கணக்கு ஒதைக்கும்."

முதல்முறையாக அவர் ஏறாமல் நின்றார், நாங்கள் எல்லாரும் ஏறினோம்.

நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்னால், சங்காட் ஜெரிங் பக்கம் பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். பிள்ளைகள் கழிவறைக்கு ஓடினார்கள். எல்லாரும் வந்த பிறகு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் அண்ணனின் மகள் தன் தொப்பியை அங்கேயே விட்டுவிட்டாள். அது பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் திரும்பி வந்து ஏறினார்கள். யாரும் வெளியே நிற்கவில்லை. யாரையும் யாரும் நெருக்கவில்லை.

வாக்கி டாக்கியில் அண்ணன் கேட்டார். "எல்லாரும் ஏறியாச்சா? எடம் பத்துதா?"

"பத்துது," என்றது தாஸின் குரல்.

"பாத்தியா தம்பி, இப்ப சரியா இருக்கு. கெளம்பு."

நான் கிளப்பவில்லை. பதினேழு இருக்கைகள். அக்கா இறங்கிய பிறகு பதினாறு பேர். அப்படியானால் ஓர் இருக்கை காலியாக இருக்க வேண்டும். அண்ணனின் காரில் ஐந்து பேர், மலரின் காரில் ஐந்து பேர், இரண்டும் நிறைந்திருந்தன. ஆகவே அந்தக் காலி இருக்கை என் வண்டியில்தான் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு பேர். நடுவில் மூன்று பேர், என் மகள் இப்போது யார் மடியிலும் இல்லை. பின்னால் கபிலன். ஆறு பேர். திரும்பிப் பார்த்தேன். மூன்று நாளில் முதல்முறையாகக் கண்ணாடியை நம்பாமல் உடம்பைத் திருப்பிப் பார்த்தேன். காலி இருக்கை எங்கேயும் இல்லை.

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். கபிலனுக்குப் பக்கத்தில் என் சாமான் பெட்டி இருந்தது. லிஃப்ட் வேலைக்கான திருப்புளிகளும் சாவிகளும் உள்ள இரும்புப் பெட்டி. அதற்கடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. இந்த வண்டியைப் பழையதாக வாங்கிய அன்றே அதை அங்கே வைத்தேன். நான்கு வருடமாக எடுத்ததில்லை.

"நான் காலையிலயே சொன்னேன்லப்பா," என்றான் கபிலன்.

"ஆமா," என்றேன்.

"தம்பி, என்னா செய்யிற? கெளம்பு," என்றது முன்னாலிருந்து வாக்கி டாக்கி. கஸ்தூரி அதை அணைத்தாள்.

பெட்டியை இறக்கித் தரையில் வைத்தேன். விரிப்பைச் சுருட்டினேன். அடியில் இருக்கை மடிந்து படுத்திருந்தது. உறைகூடப் புதிதாக இருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை. அதை இழுத்தால் கொக்கி விடும், முதுகு நிமிரும், இன்னொரு தடவை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இழுத்தேன். நிமிர்ந்தது. பூட்டிக்கொண்டது. மொத்தம் பத்து நொடி ஆகியிருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பெட்டியை இறக்க வேண்டும், பட்டையை இழுக்க வேண்டும், அக்காவை முதலில் ஏறச் சொல்ல வேண்டும்.